எல்லை தாண்டும் உயிரணுக்களும் நம் வீட்டு மௌனமும்

(கலிபோர்னியா மாநிலம் டப்ளின் நகரில் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மரபணுக்களைப் பற்றித் தமிழில் பேச இயலுமா, பேசினால் பிள்ளைகளுக்குப் புரியுமா என்று நம்மில் சிலருக்கு ஐயம் இருக்கக்கூடும். இயலும் என்பதே என் உறுதியான நம்பிக்கை. நம் உடலுக்குள் நடப்பதை நம் மொழியில் சொல்ல முடியாவிட்டால், அதை நம் வீட்டிலும் சொல்ல முடியாமல் போகும். வீட்டில் சொல்லாமல் விட்ட செய்தி சில வேளைகளில் ஓர் உயிரையே பறித்துவிடும். இன்றைய உரை அறிவியலில் தொடங்கினாலும், முடிவில் அங்குதான் வந்து சேரும்.

நான் எடுத்துக்கொண்ட வினா இதுதான். நம் உடலில் ஓர் உயிரணு, தான் பிறந்து வளர்ந்த இடத்தை விட்டுப் புறப்பட்டு, திசுக்களுக்கு இடையே உள்ள தடுப்பைத் துளைத்துக்கொண்டு அடுத்த திசுவுக்குள் நுழைகிறது. அதற்கு அந்தத் திறனைத் தருவது எது? அதைத் தடுத்து நிறுத்துவது எது?

மதில்

நம் தோல், வாயின் உட்புறம், குடலின் உட்புறம், மார்பகத்தின் பால் நாளங்கள், கருப்பையின் வாய் ஆகிய எல்லா இடங்களிலும் மேற்பரப்பை மூடியிருப்பவை ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிய உயிரணுக்கள். இந்த அடுக்கிற்கு அடியில் மெல்லிய விரிப்பு ஒன்று உண்டு. அதற்கு அடித்தளச் சவ்வு என்று பெயர். கொலாஜன், லாமினின் முதலிய புரதங்கள் பின்னிப் பிணைந்து அமைந்த வலை அது. அதன் தடிமன் ஒரு தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆயினும் இந்த அடுக்கின் சாதாரண உயிரணுக்கள் பொதுவாக அதைக் கடப்பதில்லை.

இந்த மதிலுக்கு மேலே இரத்தக் குழாய்கள் இல்லை. நிணநீர்க் குழாய்களும் இல்லை. அவை யாவும் மதிலுக்குக் கீழேதான் ஓடுகின்றன. ஆகவே மேலடுக்கில் ஓர் உயிரணு கட்டுப்பாடின்றிப் பெருகினாலும், மதிலுக்கு மேலே இருக்கும் வரை அது நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ எலும்புக்கோ செல்ல வழியில்லை. அந்த நிலையில் மருத்துவர் அதை அகற்றிவிட்டால் பெரும்பாலும் கதை அத்துடன் முடிந்துவிடும். மதிலைத் தாண்டிய பின்னரோ, நோயின் பெயரும் மருத்துவமும் வாழ்நாளும் மாறிவிடுகின்றன. புற்றுநோயால் நேரும் இறப்புகளில் பெரும்பாலானவை நோய் தோன்றிய இடத்தில் உள்ள கட்டியால் அல்ல, அது பிற உறுப்புகளுக்குப் பரவுவதால் நேர்கின்றன.

ஊடுருவலும் இயற்கையே

ஊடுருவல் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் பகைவரின் உருவம் எழுகிறது. ஆனால் ஊடுருவும் உயிரணுக்கள் வேற்றவை அல்ல, நம்முடையவை. அதைவிட வியப்பு என்னவென்றால், இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஊடுருவலால்தான் பிறந்திருக்கிறோம்.

கருவுற்ற முட்டை ஏறத்தாழ ஒரு வாரத்தில் தாயின் கருப்பைச் சுவரை அடைகிறது. நஞ்சுக்கொடியாக மாறவிருக்கும் உயிரணுக்கள் அச்சுவரைத் துளைத்து உள்ளே சென்று, தாயின் இரத்தக் குழாய்களை எட்டி, அவற்றை அகலப்படுத்துகின்றன. குழந்தைக்கு உணவும் உயிர்வளியும் கிடைப்பது அவ்வாறுதான். இந்த ஊடுருவல் போதாமற் போனால் தாய்க்கு இரத்த அழுத்தம் உயரும் பேறுகாலச் சிக்கல் ஏற்படும் வாய்ப்பு மிகுதியாகிறது. அளவு மீறினாலோ, பேற்றின்போது நஞ்சுக்கொடி பிரியாமல் ஒட்டிக்கொண்டு கடும் இரத்தப்போக்கு உண்டாகிறது. எவ்வளவு ஆழம் செல்ல வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற கணக்கில் அந்த உயிரணுக்களின் மரபணுக்களுக்கும் பங்கு உண்டு.

நமக்கு வளைகுடாவின் அக்கரையில், சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், சூசன் ஃபிஷர், சீனா வெர்ப் ஆகியோரின் குழுக்கள் இதை ஆராய்ந்தன. நஞ்சுக்கொடி உயிரணுக்கள் கொலாஜன் வலையை அறுக்கும் ஒரு நொதியைச் சுரந்தே வழி உண்டாக்குகின்றன என்று 1991இல் அவர்கள் காட்டினார்கள். பரவும் புற்றுநோயும் இதே இன நொதிகளைப் பயன்படுத்துகிறது.

கருவில் இன்னும் சில பயணங்கள் உண்டு. மூளையும் தண்டுவடமும் உருவாகும் பகுதியிலிருந்து ஒரு கூட்டம் உயிரணுக்கள் பிரிந்து சென்று முகத்தின் எலும்புகளாகவும், தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களாகவும் ஆகின்றன. அவற்றைப் பிரித்து அனுப்பும் மரபணுக்களுள் ‘ஸ்நெயில்’, ‘ட்விஸ்ட்’ என்ற இரண்டு முக்கியமானவை. இவை முதலில் பழ ஈயின் கருவில் கண்டறியப்பட்டவை. வளர்ந்த மனிதரில் இவை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கின்றன. மார்பகப் புற்றுநோய் உயிரணுக்கள் பரவும்போது ட்விஸ்ட் மரபணுவை மீண்டும் எழுப்பிவிடுகின்றன என்று 2004இல் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வுக்கூடம் கண்டறிந்தது. புற்றுநோய் புதிய வித்தை எதையும் கற்பதில்லை. நாம் கருவில் பயன்படுத்திப் பூட்டிவைத்த பெட்டியைத் திறந்துகொள்கிறது.

ஒரு புழு கற்பித்த பாடம்

அந்தப் பெட்டியின் சாவிகள் எவை என்று மனித உடலில் தேடுவது கடினம். ஆகவே அறிஞர்கள் மண்ணில் வாழும் ஒரு புழுவை நாடினார்கள். அதன் நீளம் ஒரு மில்லிமீட்டர். உடல் கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும். வளர்ந்த புழுவின் உடலில், இனப்பெருக்க அணுக்கள் நீங்கலாக, 959 உயிரணுக்களே உள்ளன.

இப்புழு வளரும்போது ‘நங்கூர உயிரணு’ எனப்படும் ஒரே ஓர் உயிரணு, குறித்த நேரத்தில் அடித்தளச் சவ்வைத் துளைத்து, கருப்பையையும் முட்டை வெளியேறும் வழியையும் இணைக்கிறது. நுண்ணோக்கியின் கீழே அதை நேரடியாகப் பார்க்கலாம். பசடேனாவில் உள்ள கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் பால் ஸ்டெர்ன்பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டேவிட் ஷெர்வுட் 2003இல் இந்நிகழ்வை விரிவாக விளக்கினார். ‘ஃபாஸ்’ என்னும் மரபணு செயலிழந்த புழுக்களில், அந்த உயிரணு சவ்வின் வாசல் வரை கையை நீட்டுகிறது, ஆனால் சவ்வைக் கரைக்க முடியாமல் நின்றுவிடுகிறது என்று 2005இல் காட்டினார். இதே குடும்ப மரபணு மனிதரிலும் உண்டு.

பின்னர் இரண்டு செய்திகள் வந்தன. பெருகிக்கொண்டிருக்கும் உயிரணுவால் மதிலைத் துளைக்க முடியாது, துளைக்க வேண்டுமாயின் அது முதலில் பெருகுவதை நிறுத்த வேண்டும் என்று 2015இல் டேவிட் மேட்டஸ், ஷெர்வுட் குழுவினர் புழுவில் கண்டனர். நம் புற்றுநோய் மருந்துகளில் பல, பெருகும் உயிரணுக்களைக் கொல்வதற்காக உருவாக்கப்பட்டவை. பெருகாமல் ஊடுருவும் உயிரணு அவற்றுக்குத் தப்பக்கூடும் என்ற கவலை இதிலிருந்து எழுகிறது.

அடுத்த செய்தி 2019இல் வந்தது. சவ்வை அறுக்கும் நொதிகளுக்கான ஐந்து மரபணுக்களையும் புழுவிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள். நங்கூர உயிரணு நிற்கவில்லை. ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களை முன்வரிசைக்குக் கொண்டுவந்து, பெரிய முளை ஒன்றை வளர்த்து, சவ்வை உடல் வலிமையால் முட்டி உடைத்தது. சற்றுத் தாமதமானது, அவ்வளவே. இந்த நொதிகளைத் தடுக்கும் மருந்துகள் 1990களில் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டுப் பெரும் ஏமாற்றத்தைத் தந்தன. அதற்குரிய காரணங்களுள் ஒன்றை இப்புழு நமக்குக் காட்டுகிறது. ஒரு கதவை அடைத்தால் வேறு வழியைத் தேடும் திறன் உயிரணுவுக்கு உண்டு. மதிலைத் தாண்டிய பின் துரத்துவதைவிட, தாண்டுவதற்கு முன் கண்டுபிடிப்பது ஏன் மேல் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

மலைக்கு அப்பால் பெர்க்லியில்

சான் பிரான்சிஸ்கோவில் 1976இல் மைக்கேல் பிஷப், ஹெரால்டு வார்மஸ் ஆகியோர், கோழிக்குப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரசின் மரபணு உண்மையில் கோழியின் இயல்பான மரபணுவிலிருந்து வந்ததே என்று நிறுவினார்கள். அதற்காக 1989இல் நோபல் பரிசும் பெற்றார்கள். அப்படியானால் அந்த மரபணு இருந்தாலே புற்றுநோய் உறுதியா?

இவ்வினாவுக்கு விடை தேடியவர், நம் டப்ளின் குன்றுகளுக்கு அப்பால், லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மீனா பிசெல் அம்மையார். இவர் ஈரானிலிருந்து கல்வி கற்க இந்நாட்டிற்கு வந்தவர். அதே வைரசை அவர் கோழிக் கருவுக்குள் செலுத்தினார். வைரசின் மரபணு அங்கே வேலை செய்தும் கட்டி தோன்றவில்லை. அக்கருவின் உயிரணுக்களைப் பிரித்துத் தட்டில் வளர்த்தபோதோ, அவை புற்றுநோய்த் தன்மை பெற்றன. இது 1984இல் வெளியான ஆய்வு. 1997இல் அவருடைய குழு, மனித மார்பகப் புற்று உயிரணுக்கள் தம்மைச் சூழ்ந்த வலையைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதத்தைத் தடுத்தபோது, அவை மீண்டும் ஒழுங்கான வடிவத்துக்குத் திரும்பியதைக் காட்டியது. அவற்றின் மரபணுக் கோளாறுகளோ அப்படியே இருந்தன.

இளையோரே, இதை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். மரபணு கட்டளையிடுகிறது என்பது பாதி உண்மைதான். சுற்றுப்புறம் என்ன சொல்கிறது என்று கேட்டே மரபணு செயல்படுகிறது. ஆகவே மரபணுவில் ஒரு குறை இருக்கிறது என்று அறிவது தலைவிதியை அறிவது ஆகாது. எங்கே காவல் வேண்டும் என்று அறிவதே ஆகும்.

வாய் திறந்து பேசிய ஒரு குடும்பம்

நியூசிலாந்தில் ஒரு மாவோரிப் பெருங்குடும்பம் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அக்குடும்பத்தில், இளவயதினர் உட்படப் பலர் வயிற்றுப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார்கள். சாபம் என்று சொல்லி மூடிவைத்திருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. தம் வம்சாவளியையும், யார் எவ்வயதில் எதனால் இறந்தார் என்பதையும் தாங்களே தொகுத்துக்கொண்டு ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்களை நாடினார்கள். அதன் பயனாக 1998இல் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. இ-கட்ஹெரின் என்னும் புரதத்தை உருவாக்கும் மரபணுவில் பிறவிக் குறை.

இ-கட்ஹெரின் என்பது உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பசை. பசை போனால் உயிரணுக்கள் தனித்தனியே பிரிந்து, கட்டியாகத் திரளாமலே வயிற்றுச் சுவருக்குள் நழுவிச் செல்கின்றன. ஆகவே கருவிகளின் கண்ணுக்கும் எளிதில் படுவதில்லை. சற்று முன்னர் சொன்ன ஸ்நெயில் மரபணு செய்யும் வேலைகளுள் ஒன்றும் இந்தப் பசையின் உற்பத்தியை நிறுத்துவதே.

இக்குறை உள்ள பெற்றோரின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்து சேர பாதிக்குப் பாதி வாய்ப்பு. கண்டுபிடிப்புக்குப் பின் அக்குடும்பத்தினர் பரிசோதனை செய்துகொள்ள முடிந்தது. குறை உள்ளோர் முன்கூட்டியே அறுவை மருத்துவம் உள்ளிட்ட வழிகளைத் தேர்ந்துகொண்டனர். குறை இல்லாதோர் வாழ்நாள் அச்சத்திலிருந்து விடுபட்டனர். உலகெங்கும் இதே குறை உள்ள குடும்பங்களுக்கும் அவர்கள் வழி திறந்துவிட்டார்கள். ஆய்வுக்கூடத்தின் அறிவு, ஒரு குடும்பம் வாய் திறந்ததில் தொடங்கியது.

திண்டுக்கல் காட்டிய வழி

இனி நம் மண்ணுக்கு வருவோம். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் பாப்பிலோமா என்னும் வைரஸ். இதைக் கண்டறிந்த ஹெரால்டு சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வைரசின் இரண்டு மரபணுக்கள், நம் உயிரணுவின் இரண்டு காவல் புரதங்களை முடக்கிவிடுகின்றன. ஆயினும் மதிலைத் தாண்ட அது மட்டும் போதாது. மேலும் பல மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வேண்டும். அதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகின்றன. அத்தனை ஆண்டுகளும் நோய் மதிலுக்கு மேலேயே நிற்கிறது. வலியும் இல்லை, அறிகுறியும் இல்லை.

திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை மருத்துவ மையமும், பிரான்சின் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும், சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமும் இணைந்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கின. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவில் 49,311 பேர். ஒப்பீட்டுப் பிரிவில் 30,958 பேர். பரிசோதனை மிக எளியது. காடியில், அதாவது வினிகரில், உள்ள அமிலத்தின் நீர்த்த கரைசலைக் கருப்பையின் வாயில் தடவிச் சற்று நேரம் காத்திருந்தால், மாறுபட்ட உயிரணுக்கள் வெண்ணிறமாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியர்களே பார்த்தார்கள். தேவையானோருக்கு அவர்களே குளிரூட்டி அழிக்கும் மருத்துவமும் செய்தார்கள்.

முடிவு 2007இல் லான்செட் இதழில் வெளியானது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த இச்சோதனையால், கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. வானளாவிய கருவிகள் இல்லை, விலையுயர்ந்த மருந்துகள் இல்லை. மதில் தாண்டப்படுவதற்கு முன் ஒரு செவிலியர் எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஆனால் அழைக்கப்பட்ட 49,311 பேரில் பரிசோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வரவில்லை. இந்த எண்ணிக்கையை நான் எண்ணும்போதெல்லாம் நம் வீடுகள்தாம் நினைவுக்கு வருகின்றன.

நம் வீடுகளில்

பெற்றோர்களே, மனம் திறந்து பேசுகிறேன், பொறுத்தருள வேண்டும். நம் ஊரில் ஒரு பெரியம்மா இறந்தால் ‘வயிற்றில் கட்டி’ என்போம். ஒரு சித்தப்பா இறந்தால் ‘நெடுநாளாக உடம்பு சரியில்லை’ என்போம். புற்றுநோய் என்ற சொல்லை உச்சரிக்கவும் அஞ்சுவோம். பெண்ணுக்கு வரன் அமையாது என்று அஞ்சுவோம். இங்கே வளர்ந்த நம் பிள்ளை மருத்துவரிடம் செல்லும்போது, குடும்பத்தில் யாருக்கேனும் புற்றுநோய் உண்டா, எந்த வயதில் வந்தது என்று கேட்கிறார்கள். பிள்ளை ‘தெரியாது’ என்றோ ‘இல்லை’ என்றோ எழுதிவிடுகிறது. அந்த ஒரு சொல்லால், முன்கூட்டியே தொடங்க வேண்டிய பரிசோதனை தள்ளிப்போகிறது.

புற்றுநோய்களுள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே பிறவி மரபணுக் குறையால் வருபவை. ஆகவே ஒருவருக்கு வந்தது எல்லோருக்கும் வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சிலரில் நம் குடும்பம் உண்டா என்பதை அறிய, குடும்ப வரலாறு தவிர வேறு எளிய வழியில்லை. வேலை போய்விடும், மருத்துவக் காப்பீடு கிடைக்காது என்றும் சிலர் அஞ்சுகிறார்கள். மரபணுச் செய்தியை வைத்து வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் பாகுபாடு காட்டுவதை இந்நாட்டின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆயுள் காப்பீட்டுக்கு அச்சட்டம் பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை சிலவே.

முதலாவது, இந்த வாரமே ஊருக்குத் தொலைபேசியில் அழையுங்கள். தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் யார், எந்த உறுப்பில், எந்த வயதில் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

இரண்டாவது, உங்களுக்குரிய பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். இந்நாட்டின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, கருப்பை வாய்க்கு 21 வயதிலும், மார்பகத்துக்கு 40 வயதிலும், பெருங்குடலுக்கு 45 வயதிலும் தொடங்கப் பரிந்துரைக்கிறது. குடும்பத்தில் நோய் இருந்தால் மருத்துவர் இன்னும் முன்னதாகத் தொடங்கச் சொல்லக்கூடும்.

மூன்றாவது, பாப்பிலோமா வைரசுக்கு எதிரான தடுப்பூசி 2006 முதல் இந்நாட்டில் உள்ளது. மகளுக்கு மட்டுமன்றி மகனுக்கும் உரியது அது. அதைப் பற்றிப் பேச வெட்கப்பட்டுக் காலம் கடத்தாதீர்கள்.

நான்காவது, ஊரிலிருந்து வந்து சில மாதங்கள் நம்முடன் தங்கும் அம்மாவையும் அப்பாவையும் கேளுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டா, வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ உண்டா, மாதவிலக்கு நின்றபின் இரத்தக்கசிவு உண்டா என்று கேளுங்கள். ‘பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது’ என்று அவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

இளையோரே, உங்களுக்கும் ஒன்று. உங்கள் பாட்டியின் வரலாறு உங்கள் பாட்டியின் மொழியில்தான் இருக்கிறது. அவருடன் தமிழில் பேசி, தயக்கத்தை நீக்கி, அவர் சொல்வதைக் கேட்டு எழுதும் ஆற்றல் உங்களிடம் இருக்குமானால், மருத்துவமனையின் எந்தக் கருவியும் தர இயலாத செய்தி உங்களுக்குக் கிடைக்கும். தமிழ் கற்பதால் என்ன பயன் என்று கேட்போருக்கு இதுவும் ஒரு விடை.

உயிரணு மதிலைத் தாண்டப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. இயற்கை நமக்கு அளிக்கும் தவணை அது. அந்தத் தவணையை வெட்கத்திலும் மௌனத்திலும் செலவழித்துவிட வேண்டாம் என்று உங்களை மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.